சர்வர் கத்தினால் டிஸ்க்கை உருவாதீர்கள்: ரெய்டு அரேயில் ஹார்டு டிஸ்க் நிலையைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

"சார், சர்வர் விடாம கத்துதுங்க. ஸ்லாட் 3 ஃபெயில்டுனு திரையில காட்டுது. புது டிஸ்க் கையில இருக்கு, மாத்திடட்டுங்களா?"

சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை. அதன் கணக்காளர் காலை எட்டரைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நான் அப்போது ஒரு காபி எஸ்டேட் வேலையாக ஏற்காடு மலைப்பாதையில் பாதி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியிருந்தேன். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. "சரி, மாத்திடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் இடது பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூன்றாவதை உருவினார். அந்த சர்வரில் ஸ்லாட் எண், அதாவது டிஸ்க் செருகும் இடத்தின் எண், 0-வில் தொடங்கும். ஸ்லாட் 3 என்றால் நான்காவது டிஸ்க். ஐந்து டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 5 அமைப்பு அது; ஒரு டிஸ்க் போனால்தான் தாங்கும், அந்த ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றை நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியே எடுத்துவிட்டோம். ஆலையின் கணக்கு அந்த நொடியே நின்றது.

தப்பு அவருடையதல்ல, என்னுடையது. டிஸ்க் தானாகச் செத்து டேட்டா போனதை நான் பார்த்தது குறைவு. திரையில் வந்த ஒரு சொல்லை அவசரமாகப் படித்துக் கை வைத்துப் போனதுதான் அதிகம். கை வைப்பதற்கு முன் என்னென்ன படிக்க வேண்டும், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

ரெய்டு என்ற யோசனையை 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். ஒரு பெரிய விலையுயர்ந்த டிஸ்க்குக்குப் பதில் விலை குறைந்த சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து ஓட்டலாம் என்பது அதன் சாரம். அப்படிச் சேர்ந்த டிஸ்க் கூட்டத்தைத்தான் அரே என்கிறோம். RAID என்ற அந்தப் பெயரில் 'ஐ' என்ற எழுத்து முதலில் 'விலை குறைந்த' என்பதைக் குறித்தது. பிற்பாடு கம்பெனிகள் அதை 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டன. சர்வர் டிஸ்க் விலை விசாரித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நமக்கு வேண்டியது இதுதான். ரெய்டு 1-இல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா இருக்கும், ஒன்று போகலாம். ரெய்டு 5-இலும் ஒன்று போகலாம். ரெய்டு 6-இல் இரண்டு போகலாம். ரெய்டு 10 ஜோடி ஜோடியாக ஓடும். ஜோடிக்கு ஒன்று போனால் பரவாயில்லை, ஒரே ஜோடியில் இரண்டும் போனால் கதை முடிந்தது. ரெய்டு 0-இல் எதுவும் போகக்கூடாது. உங்கள் சர்வரில் எது ஓடுகிறது என்று இப்போதே பார்த்து, ஒரு தாளில் எழுதி சர்வர் மேல் ஒட்டிவிடுங்கள். அலாரம் அடிக்கும்போது யாருக்கும் இது ஞாபகம் வராது.

படி 1: திரையைப் படம் எடுங்கள், ரீஸ்டார்ட் போடாதீர்கள்

கம்ப்யூட்டரில் எது கோளாறானாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது நம் கைப்பழக்கம். இங்கே அது கூடாது. தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றாமலே போகலாம். சர்வர் ஓடுகிற வரை ஓடட்டும். பீப் சத்தத்தை மட்டும் கன்ட்ரோலர் (அரேயை நடத்தும் ரெய்டு கார்டு) மெனுவில் நிறுத்திக்கொள்ளுங்கள்; அந்தச் சத்தம்தான் பாதி அவசரத்துக்குக் காரணம்.

எங்கே பார்ப்பது? சர்வரோடு வரும் நிர்வாகப் பக்கத்தில்: டெல் சர்வர் என்றால் ஐடிராக், எச்பி என்றால் ஐஎல்ஓ. இரண்டையும் பிரவுசரிலேயே திறந்து ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போகலாம். கட்டளை வரியில் வேலை செய்பவர்களுக்கு மெகாரெய்டு கார்டு என்றால் ஸ்டோர்சிஎல்ஐ, டெல்லின் பெர்க் கார்டு என்றால் பெர்க்சிஎல்ஐ, எச்பி கார்டு என்றால் எஸ்எஸ்ஏசிஎல்ஐ. தனிக் கார்டு இல்லாமல் லினக்ஸே ரெய்டை நடத்தினால் எம்டிஸ்டாட் கோப்பைத் திறங்கள். ஓடும் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'யூ' எழுத்து இருக்கும். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு இருந்தால் அங்கே டிஸ்க் இல்லை. டிஸ்க் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எஃப்' என்றால் ஃபெயில்டு, 'எஸ்' என்றால் ஸ்பேர், அதாவது உபரியாகக் காத்திருக்கும் டிஸ்க்.

பார்த்த ஒவ்வொரு திரையையும் மொபைலில் படம் எடுத்துவையுங்கள். ஸ்லாட் எண்ணும் சீரியல் எண்ணும் படத்தில் தெளிவாக விழ வேண்டும்.

படி 2: முதலில் அரே, அப்புறம்தான் டிஸ்க்

பலரும் தலைகீழாகச் செய்வது இங்கேதான். எந்த டிஸ்க் போச்சு என்று தேடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அரே எப்படி இருக்கிறது என்பது. கன்ட்ரோலர் இதை விர்ச்சுவல் டிஸ்க் அல்லது லாஜிக்கல் டிரைவ் என்ற தலைப்பில் தனியாகக் காட்டும்.

ஆப்டிமல் என்றால் எல்லாம் சரி. பார்ஷியலி டிகிரேடட் என்பது ரெய்டு 6 போன்றவற்றில் வரும். ஒன்று போயிருக்கிறது, இன்னும் ஒன்று போகிற அளவுக்குத் தாங்கும். டிகிரேடட் என்றால் டேட்டா இருக்கிறது, வேலையும் நடக்கிறது, ஆனால் கையிருப்புப் பாதுகாப்பு தீர்ந்துவிட்டது. ஆஃப்லைன் அல்லது ஃபெயில்டு என்றால் தாங்கும் அளவைத் தாண்டி டிஸ்க்குகள் விலகிவிட்டன.

டிகிரேடட் நிலையில் உடனே செய்ய வேண்டிய வேலை டிஸ்க் மாற்றுவதல்ல, பேக்கப். ரெய்டு 5 டிகிரேடட் ஆன பிறகு மீதி டிஸ்க்குகளில் ஒன்று முனகினாலும் டேட்டா போகும். முக்கியமான கோப்புகளை வேறொரு பெட்டிக்கு நகலெடுத்துவிட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்கள்.

படி 3: டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் சொல் என்ன சொல்கிறது

கீழே வருவது மெகாரெய்டு, பெர்க் வகைக் கார்டுகளின் சொற்கள். மற்றவற்றில் பெயர் கொஞ்சம் மாறும், பொருள் பெரிதாக மாறாது.

ஆன்லைன்: அரேயில் இருக்கிறது, வேலை செய்கிறது. ஆரோக்கியமாக இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஆன்லைன் என்று காட்டிக்கொண்டே ஆயிரம் படிப்புப் பிழைகளோடு ஓடும் டிஸ்க்கை நான் கழற்றியிருக்கிறேன்.

ஹாட் ஸ்பேர்: மாட்டிவைத்துக் காத்திருக்கும் டிஸ்க். குளோபல் என்றால் எந்த அரேக்கும் போகும், டெடிகேட்டட் என்றால் குறிப்பிட்ட அரேக்கு மட்டும்.

அன்கான்ஃபிகர்டு குட்: நல்ல டிஸ்க்தான், ஆனால் எந்த அரேயிலும் சேராமல் சும்மா இருக்கிறது. புது டிஸ்க் மாட்டியும் ரீபில்டு தொடங்கவில்லை என்றால் பெரும்பாலும் இந்த நிலையில் நின்றிருக்கும். அதை ஹாட் ஸ்பேர் ஆக்கினால் போதும், கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும்.

அன்கான்ஃபிகர்டு பேட்: அரேயில் சேராத டிஸ்க், அதிலும் கன்ட்ரோலருக்கு நம்பிக்கையில்லை.

ஃபெயில்டு, ஆஃப்லைன்: அரேயில் இருந்ததை கன்ட்ரோலர் வெளியே தள்ளிவிட்டது. 'தள்ளிவிட்டது' என்ற சொல்லைக் கவனியுங்கள். இது கன்ட்ரோலரின் தீர்ப்பு, டிஸ்க்கின் மரணச் சான்றிதழ் அல்ல. சாதா டெஸ்க்டாப் டிஸ்க்கை சர்வரில் மாட்டினால் இது நன்றாகத் தெரியும். அது ஒரு கெட்ட செக்டாரை (டேட்டா எழுதும் சின்னக் கட்டத்தை) படிக்க ஒரு நிமிடத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டிருக்கும். சர்வர் டிஸ்க் ஏழு விநாடி அளவில் கைவிட்டு, 'முடியவில்லை' என்று பதில் சொல்லிவிடும். பதிலே வராத டிஸ்க்கை கன்ட்ரோலர் செத்ததாக எண்ணி ஒதுக்கிவிடுகிறது. காசை மிச்சம் பிடிக்க டெஸ்க்டாப் டிஸ்க் வாங்கிப் போட்ட கடைகளில் 'மாசம் ஒரு டிஸ்க் போகுது சார்' என்ற புகாருக்கு இதுதான் பின்னணி.

மிஸ்ஸிங்: அரேயின் குறிப்பேட்டில் இருக்கிறது, இடத்தில் காணோம்.

ரீபில்டு: மீதி டிஸ்க்குகளிலிருந்து கணக்குப் போட்டு இதில் எழுதிக்கொண்டிருக்கிறது. தொடக்கூடாது.

காப்பிபேக்: ஸ்பேரில் ஏறிய டேட்டாவை, பழைய இடத்தில் மாட்டிய புது டிஸ்க்குக்குத் திருப்பி நகலெடுக்கிறது.

பிரெடிக்டிவ் ஃபெயிலியர்: இன்னும் ஓடுகிறது, ஆனால் போகப் போகிறது என்று டிஸ்க்கே சொல்கிறது. வாரன்டி இருந்தால் இந்தச் சொல்லோடு எடுத்த படமே பெரும்பாலும் போதும், டிஸ்க் முழுதாகச் சாகக் காத்திருக்க வேண்டாம்.

ஃபாரின்: இதற்குத் தனிப் படி ஒதுக்க வேண்டும், கீழே வருகிறேன்.

படி 4: எண்களைப் பாருங்கள்

சொல் என்பது கன்ட்ரோலரின் கருத்து. எண் என்பது நடந்த சம்பவம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மூன்று எண்கள் இருக்கும்: மீடியா எரர், அதர் எரர், பிரெடிக்டிவ் ஃபெயிலியர்.

மீடியா எரர் என்றால் தட்டின் பரப்பில் படிக்க முடியாத இடம். இது டிஸ்க்கின் குற்றம். அதர் எரர் பெரும்பாலும் போக்குவரத்தில் வருவது: கேபிள், பேக்பிளேன் (டிஸ்க்குகள் செருகும் பின்பலகை), பவர், சரியாக உட்காராத டிரே.

ஏற்காட்டில் நான் சொன்ன அந்த எஸ்டேட் அலுவலகத்தில் ஒரு மே மாதத்து இடி மழைக்குப் பிறகு மூன்று டிஸ்க் ஒரே நேரத்தில் மிஸ்ஸிங். மேலாளர் மூன்று புது டிஸ்க்குக்கு விலை கேட்டுவிட்டார். பதிவேட்டைப் பார்த்தால் மூன்றும் விலகியது ஒரே நிமிடத்தில். மூன்று டிஸ்க் ஒரே நிமிடத்தில் சாகாது. மீடியா எரர் மூன்றிலும் 0, அதர் எரர் மட்டும் நூற்றுக்கணக்கில். கார்டிலிருந்து பேக்பிளேனுக்குப் போகும் கேபிளைக் கழற்றி, துடைத்து, அழுத்தி மாட்டியதும் மூன்றும் வந்தன. ஒரு டிஸ்க்கும் வாங்கவில்லை. யுபிஎஸ் பேட்டரிதான் வாங்கினோம்.

அங்கே இன்னொன்றும் கேட்டார்கள்: மலை உயரத்தால் டிஸ்க் கெடுமா? சாதாரண டிஸ்க்கில் எழுத்துத் தலை காற்றின் மேல்தான் மிதக்கிறது, ஆகவே நியாயமான கேள்வி. ஆனால் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கொடுக்கும் வரம்பு சுமார் 3,000 மீட்டர். ஏற்காடு இருப்பது சுமார் 1,500 மீட்டரில். கவலை வேண்டாம்.

அடுத்து ஸ்மார்ட் எண்கள், அதாவது டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துக் குறித்துவைக்கும் எண்கள். சாட்டா, சாஸ் என்பவை டிஸ்க் இணைப்பின் இரண்டு வகைகள். சாட்டா டிஸ்க்கில் 5 என்பது ஒதுக்கி மாற்றிய செக்டார்கள், 197 என்பது சந்தேகப் பட்டியலில் இருப்பவை, 198 என்பது திருத்தவே முடியாதவை. 199 ஏறினால் முதலில் கேபிளைப் பாருங்கள். சாஸ் டிஸ்க்கில் இந்த எண் வரிசை கிடையாது. அங்கே 'குரோன் டிஃபெக்ட்' என்ற, ஓடும்போது புதிதாகச் சேர்ந்த கெட்ட இடங்களின் பட்டியலின் எண்ணிக்கையைப் பாருங்கள். 5-இல் நாலைந்து இருப்பது ஒன்றும் பெரிதில்லை. போன வாரம் 4, இந்த வாரம் 60 என்றால் அந்த டிஸ்க் கிளம்பிவிட்டது.

எண்கள் எல்லாம் 0 என்பதால் நிம்மதியாகத் தூங்கலாமா? கூகுள் ஆட்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து எழுதிய ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதம் எந்த ஸ்மார்ட் பிழையையும் முன்கூட்டிக் காட்டவில்லை. அதே ஆய்வில், ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) ஒன்று வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, வராததைவிட 39 மடங்கு. எண் ஏறினால் நம்புங்கள், ஏறாததை நம்பாதீர்கள்.

படி 5: சரியான டிஸ்க்கைக் கண்டுபிடியுங்கள்

கன்ட்ரோலரில் 'லொகேட்' என்ற கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் அந்த ஸ்லாட்டின் விளக்கு மட்டும் மினுக்கும். கண்ணால் எண்ணாமல் மினுக்குவதைப் பாருங்கள். அப்புறம் சீரியல் எண். டிரேயின் முகப்பில் ஒட்டியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால், மீதி டிஸ்க்குகளின் சீரியல் எண்கள் திரையில் எந்தெந்த ஸ்லாட்டில் என்று சரிபாருங்கள்.

டெல் பவர்எட்ஜ் சர்வரில் விளக்கின் பாஷை இப்படி: பச்சை நிலையாக எரிந்தால் ஆன்லைன். பச்சை மெதுவாக மினுக்கினால் ரீபில்டு. பச்சை விநாடிக்கு இரண்டு முறை மினுக்கினால் லொகேட், அல்லது கழற்றத் தயாராகிறது. ஆரஞ்சு விநாடிக்கு நான்கு முறை படபடத்தால் ஃபெயில்டு. பச்சை, ஆரஞ்சு, இருட்டு என்று மாறி மாறி வந்தால் பிரெடிக்டிவ் ஃபெயிலியர். மற்ற கம்பெனிகளின் பாஷை வேறு. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றில் பொருள் கொள்ளாதீர்கள்.

எதிர்முனையில் இருப்பவர் லொகேட் விளக்கை ஏற்றி, ஸ்லாட் எண்ணையும் சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இப்போது நான் போனில் 'சரி' சொல்கிறேன். கணக்காளர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

படி 6: ஃபாரின் என்று வந்தால்

ஒவ்வொரு டிஸ்க்கிலும் 'நான் இந்த அரேயைச் சேர்ந்தவன்' என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பும் கார்டின் குறிப்பும் ஒத்துப்போகாவிட்டால் ஃபாரின். திரையில் இரண்டு வழி காட்டும்: இம்போர்ட், கிளியர். இம்போர்ட் அந்தக் குறிப்பை ஏற்றுக்கொள்ளும். கிளியர் அழித்துவிடும்.

ஜவ்வரிசி ஆலையில் தவறாக உருவிய டிஸ்க்கைத் திரும்ப மாட்டியபோது வந்தது இதுதான். நான் மலையிறங்கி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கணக்காளர் மவுஸைப் பிடித்தபடி கிளியர் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஃபாரின்னா வெளியாளுதானே சார், நம்ம டிஸ்க் இல்லைனு சொல்லுது' என்றார். அதை அழுத்தியிருந்தால் மீட்புக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். முன்னோட்டத்தில் பழைய அரே, பெயர் மாறாமல், டிகிரேடட் என்று தெரிந்தது. இம்போர்ட் கொடுத்ததும் ஆலைக் கணக்கு எழுந்து உட்கார்ந்தது. டிஸ்க் வெளியே இருந்த நேரத்தில் அரே நின்றிருந்தது, எதுவும் புதிதாக எழுதப்படவில்லை, அதனால்தான் பிழைத்தோம்.

கிளியர் கொடுக்கும் இடம் வேறு: வேறு சர்வரில் ஓடிய பழைய டிஸ்க்கை இங்கே மாற்றாகப் போடும்போது. அதில் வேண்டிய டேட்டா இல்லை என்பது உறுதியானால் மட்டும்.

படி 7: இரண்டு டிஸ்க் விலகியிருந்தால், எது முதலில்?

ரெய்டு 5-இல் இரண்டு ஆஃப்லைன். கன்ட்ரோலரில் 'ஃபோர்ஸ் ஆன்லைன்' என்று ஒரு வழி உண்டு, அதை அழுத்தக் கை பரபரக்கும். நிறுத்துங்கள். நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து இரண்டும் எந்தத் தேதி, எந்த மணிக்கு விலகின என்று பாருங்கள்.

ஒன்று பத்து நாள் முன்பு விலகி, யாரும் கவனிக்காமல், இன்னொன்று இன்று காலை விலகியிருக்கலாம். முதல் டிஸ்க்கில் இருப்பது பத்து நாள் பழைய டேட்டா. அதை ஆன்லைன் ஆக்கினால் பழையதும் புதியதும் கலந்து, கோப்புகள் பாதி பாதியாகச் சிதையும். அரே ஆப்டிமல் என்றுகூடக் காட்டும், உள்ளே எல்லாம் குப்பை. கடைசியாக விலகியதை மட்டும்தான் ஆன்லைன் ஆக்க வேண்டும். முதலில் விலகியதன் இடத்தில் புது டிஸ்க். நேரம் தெளிவாகத் தெரியவில்லை என்றாலும் பேக்கப் இல்லை என்றாலும் எதையும் அழுத்தாமல் சர்வரை அணைத்து, மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ரீஸ்டார்ட் கூடாது என்று மேலே சொன்னது ஓடும் அரேக்கு. இது நின்றுபோன அரே.

படி 8: மாற்றுவது, ரீபில்டு

புது டிஸ்க்கின் அளவு பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். சாஸ் இடத்தில் சாஸ், சாட்டா இடத்தில் சாட்டா. எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிய எழுதும்) டிஸ்க் வேண்டாம். தொடர்ந்து எழுதும்போது அது தவழும், ரீபில்டு நாள்கணக்கில் இழுக்கும். இங்கே பலரும் டிஸ்க்கை சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கிறோம், ஒரு ராத்திரி ஆகிவிடும். அந்த ஒரு ராத்திரி டிகிரேடட் ஆக ஓட்டுவதைவிட அலமாரியில் ஒன்று வாங்கிவைப்பது மலிவு. மலைமேல் சர்வர் வைத்திருப்பவர்கள் ஹாட் ஸ்பேராகவே மாட்டிவிடுங்கள்.

கழற்றும்போது தாழைத் திறந்து ஒரு விரல் அளவு மட்டும் வெளியே இழுத்து அரை நிமிடம் நிறுத்துங்கள். உள்ளே தட்டு சுற்றி அடங்கட்டும். அப்புறம் முழுதாக எடுங்கள். புது டிஸ்க்கை 'டக்' என்று சத்தம் வரும்வரை தள்ளி மாட்டுங்கள். சர்வர் அணைந்திருக்கும்போது மாற்றாமல், ஹாட் ஸ்வாப் உள்ள சர்வரில் ஓடும்போதே மாற்றுவது நல்லது. எது போனது எது வந்தது என்று கன்ட்ரோலருக்குக் குழப்பம் இருக்காது.

எவ்வளவு நேரம்? 4 டிபி டிஸ்க், விநாடிக்கு 150 எம்பி வேகம் என்றால் குறைந்தது ஏழரை மணி நேரம். அது சும்மா இருக்கும் சர்வருக்கு. மெகாரெய்டு கார்டுகளில் ரீபில்டு ரேட் (ரீபில்டுக்கு கார்டு ஒதுக்கும் பங்கு) இயல்பாக 30 சதவீதத்தில் இருக்கும். பகலில் ஆட்கள் வேலை செய்தால் ஒரு நாளைத் தாண்டும். சனிக்கிழமை மாலை தொடங்குவது என் வழக்கம்.

ரீபில்டு நடக்கும்போது மீதி டிஸ்க்குகளின் ஒவ்வொரு மூலையும் படிக்கப்படும். வருடக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் ஒளிந்திருந்த கெட்ட செக்டார் அப்போதுதான் வெளியே வரும். சாதா சாட்டா டிஸ்க்கின் தாளில் 10¹⁴ பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள். அது சுமார் 12.5 டிபி. நிஜத்தில் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும், ஆனாலும் பெரிய டிஸ்க்குகளை ரெய்டு 5-இல் அடுக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ரெய்டு 6 போடுங்கள்.

படி 9: பச்சை வந்த பிறகு

அரே ஆப்டிமல் ஆனதும், டிஸ்க்குகளில் உள்ளவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கன்சிஸ்டன்சி செக் ஒன்று ஓட்டுங்கள். பேட்ரோல் ரீட் இயங்குகிறதா என்று பாருங்கள். மெகாரெய்டில் அது இயல்பாக 168 மணிக்கு ஒருமுறை தானே ஓடி, தொடாத மூலைகளைத் தட்டிப் பார்க்கும். யாரோ அணைத்துவைத்திருப்பார்கள். கார்டின் பேட்டரியையும் பாருங்கள். அது செத்தால் கார்டு ரைட் பேக்கிலிருந்து (தன் நினைவகத்தில் வாங்கிவைத்துப் பிறகு டிஸ்க்கில் எழுதுவது) ரைட் த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருப்பது) இறங்கிவிடும், 'சர்வர் திடீர்னு ஸ்லோ' என்பார்கள், டிஸ்க்கின் மேல் பழி விழும்.

மின்னஞ்சல் எச்சரிக்கையை அமைத்து, ஒரு சோதனை மின்னஞ்சல் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு இரண்டு வருடமாக எச்சரிக்கை போய்க்கொண்டிருந்த ஒரு செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையை எனக்குத் தெரியும். முன்பக்க வலையைத் துடையுங்கள். ஜவ்வரிசி ஆலைகளில் மாவுத்தூள் அதில் வெள்ளைத் திரைபோலப் படிந்து காற்றை அடைக்கும்.

கழற்றிய டிஸ்க்கின் மேல் தேதி, ஸ்லாட், மீடியா எரர் எண் மூன்றையும் மார்க்கரில் எழுதுங்கள். புது அரே இரண்டு வாரம் ஒழுங்காக ஓடும்வரை அதைத் தூக்கி எறியாதீர்கள். அதற்குப் பிறகு வாரன்டியில் அனுப்பலாம். வாரன்டி இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் அப்படியே போடாமல் தட்டில் துளை போட்டுப் போடுங்கள். ரெய்டு 1-இல் இருந்த டிஸ்க் என்றால் அந்த ஒன்றிலேயே உங்கள் கணக்கு முழுசாக இருக்கிறது.